எழுதாத ஏடு

கருத்தரித்து மூன்றாம் வாரம் முடியும் தறுவாயில் மனிதக் கருவுக்குக் குடல் கிடையாது. குடலை வைத்துக்கொள்ள வயிறும் கிடையாது. காய்ச்சிய பாலின்மேல் படியும் ஆடையைப் போல மூன்று அடுக்குள்ள மெல்லிய ஏடு ஒன்று இருக்கிறது. நீளம் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர். அதன் மேற்புறம் பனிக்குடத்தைப் பார்த்திருக்கிறது. அடிப்புறம் கருவுணவுப் பையைப் பார்த்திருக்கிறது. கோழி முட்டையில் மஞ்சள் கரு இருக்கும் இடத்தில்தான் மனிதக் கருவில் இந்தப் பை இருக்கிறது. உள்ளே மஞ்சள் கரு என்று சொல்லும்படி எதுவும் இல்லை; ஆனாலும் பை மட்டும் வம்சவழியாக வந்துகொண்டிருக்கிறது. நான்காம் வாரத்தில் இந்த ஏட்டின் மேற்புறம், அதாவது மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற பகுதி, அடிப்புறத்தை முந்திக்கொண்டு வளர்கிறது. ஒரு பக்கம் வளர்ந்து மறுபக்கம் பின்தங்கினால் எந்த ஏடும் சுருளத்தான் செய்யும். தலைப்பக்கம் கவிழ்கிறது, வால்பக்கம் கவிழ்கிறது, இரண்டு விலாப்பக்கங்களும் கீழ்நோக்கி மடிந்து நடுவில் வந்து சேர்கின்றன. அந்த மடிப்புக்குள் கருவுணவுப் பையின் மேற்பகுதி அகப்பட்டுக்கொள்கிறது. அகப்பட்ட அந்தப் பகுதிதான் குடல். வெளியே தங்கிவிட்ட பைக்கும் உள்ளே வந்துவிட்ட குழாய்க்கும் நடுவே ஒரு குறுகிய கால்வாய் சில வாரங்கள் திறந்திருந்து, பிறகு தூர்ந்துபோகிறது.

இரு முனைகளும் முதலில் மூடியே இருக்கின்றன. வாய்ப்பக்கத்துச் சவ்வு நான்காம் வாரத்தில் கிழிகிறது. பின்முனைச் சவ்வு கிழிய ஏழு, எட்டு வாரங்கள் ஆகின்றன. கிழியும் சவ்வின் வெளிப்பக்கம் தோலின் இனம், உள்பக்கம் குடலின் இனம். ‘தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு’ என்று நாம் சொல்வது, கருவின் கணக்கில் பார்த்தால், ஒரே உடலுக்குள்ளேயே உண்மை. பல்லின் எனாமல் ஏட்டின் மேலடுக்கிலிருந்து வந்தது. இரைப்பையின் உட்பூச்சு அடியடுக்கிலிருந்து வந்தது. இப்படி மடிப்பும் கிழிசலும் தூர்தலுமாக ஓர் உறுப்பு உருவாவதைப் பார்க்கும்போது, இன்று எல்லோர் வாயிலும் புழங்கும் ஒரு வாக்கியம் உறுத்தத் தொடங்குகிறது: ‘எல்லாம் மரபணுவிலேயே எழுதியிருக்கிறது.’ வீடு கட்டுவதற்கு முன் மேஸ்திரி கையில் வரைபடம் இருப்பதைப் போல, உடலுக்கும் ஒரு வரைபடம் முன்கூட்டியே இருக்கிறது, கருவறையில் நடப்பது அதன்படி நடக்கும் கட்டுமானம் என்பது இந்த வாக்கியத்தின் உட்பொருள். குடலைப் பொறுத்தவரை இது தவறு என்பதே என் வாதம். குடலின் வடிவம் எங்கேயும் வரைந்து வைக்கப்படவில்லை. ஒவ்வொரு கட்டமும் தனக்கு முந்திய கட்டம் விட்டுச்சென்ற நிலைமையிலிருந்தும், பக்கத்தில் இருக்கும் உறுப்புகளின் இழுப்பிலிருந்தும் நெருக்கடியிலிருந்தும் பிறக்கிறது.

இந்த வாதம் புதியதன்று. இது முதன்முதலாகத் தீவிரமாக நடந்ததே குடலை வைத்துத்தான் என்பது வியப்பான செய்தி. ஆல்பிரெக்ட் ஃபான் ஹாலர் பதினெட்டாம் நூற்றாண்டின் மாபெரும் உடலியல் அறிஞர், சுவிட்சர்லாந்துக்காரர். கரு படிப்படியாக உருவாகிறது என்று ஒரு காலத்தில் நம்பியவர், 1758-இல் கோழிக்கருவின் இதயம் பற்றி எழுதிய நூலில் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். அவரை மாற்றிய சான்று இதுதான்: மஞ்சள் கருவைச் சூழ்ந்த சவ்வு குஞ்சின் குடற்சுவரோடு எங்கும் அறுபடாமல் தொடர்கிறது. இரண்டும் ஒரே சவ்வு. மஞ்சள் கருவோ சேவல் சேர்வதற்கு முன்பே பெட்டைக் கோழிக்குள் இருக்கிறது. அப்படியானால் அதன் தொடர்ச்சியான குடலும் அப்போதே இருந்திருக்க வேண்டும். குடல் இருந்தால் குடலுக்குரிய குஞ்சும் இருந்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாதது அது அவ்வளவு சிறியதாகவும் கண்ணாடிபோல் தெளிவாகவும் இருப்பதால்தான். உருவங்கள் முன்னரே இருக்கின்றன, வளர்ச்சி என்பது அவை பெருத்து வெளித்தெரிவது மட்டுமே என்ற முற்கோளுக்கு இதைவிட நேர்த்தியான தர்க்கம் அந்தக் காலத்தில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஹாலரை மூடநம்பிக்கையாளராகச் சித்திரிப்பது எளிது, அது நியாயமாகாது. அவர் பார்த்தது சரி. தொடர்ச்சி உண்மையிலேயே இருக்கிறது. அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் பிசகியது.

அவரை மறுத்தவர் காஸ்பர் ஃபிரெடரிக் வோல்ஃப். பெர்லினில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தவர். 1759-இல் ஹால்லே நகரத்துப் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டிலேயே, கரு படிப்படியாகப் புதிதாய் உருவாகிறது என்று எழுதி ஹாலரின் எதிர்ப்பைச் சம்பாதித்துக்கொண்டார். ஜெர்மனியில் நிலையான பதவி கிடைக்காமல் 1767-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய்ச் சேர்ந்தார். அங்கே கோழிக்கருவின் குடலை மட்டுமே எடுத்துக்கொண்டு, நாள் நாளாக, மணி மணியாகப் பார்த்து எழுதிய இலத்தீன் கட்டுரை 1768, 1769 ஆண்டுகளில் வெளிவந்தது. அவர் கண்டது எளிமையானது: தொடக்கத்தில் குழாய் இல்லை, தட்டையான ஏடு மட்டுமே. ஏட்டில் ஒரு பள்ளம் விழுகிறது, பள்ளத்தின் இரு கரைகளும் வளைந்து நெருங்கி, துணியின் இரு ஓரங்கள் தையலில் சேர்வதுபோலச் சேர்கின்றன. அதற்குப் பிறகே குழாய். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதாக இருக்கிறது என்ற ஹாலரின் கேடயத்தையும் வோல்ஃப் உடைத்தார். உறுப்பை ஆக்கும் நுண்மணிகள் சாதாரண உருப்பெருக்கியிலேயே தெரிகின்றன. அந்த மணிகளால் ஆன உறுப்பு மட்டும் தெரியாமல் எப்படி ஒளிந்திருக்கும்? ஏடாக இருந்த காலத்தில் அது ஏடுதான். ஒளிந்திருக்கும் குழாய் என்று எதுவும் இல்லை. சவ்வின் தொடர்ச்சிக்குக் காரணம், குடல் அந்தச் சவ்வை மடித்தே ஆக்கப்பட்டது என்பதுதான்.

ஆனால் ஹாலர் கேட்ட ஒரு கேள்விக்கு வோல்ஃபிடம் சரியான பதில் இல்லை. உருவம் முன்கூட்டி இல்லையென்றால், கோழி முட்டையிலிருந்து எப்போதும் கோழியே வருவதேன், மயில் முட்டையிலிருந்து மயிலே வருவதேன்? ஏதோ ஓர் உள்ளார்ந்த ஆற்றல் எல்லாவற்றையும் நடத்துகிறது என்று வோல்ஃப் சொன்னார். அது பதில் ஆகாது. அறியாமைக்கு இட்ட பெயர். ஆகவே அவர் கண்டது நிலைத்தது, அவர் தந்த விளக்கம் நிலைக்கவில்லை. அந்தக் கட்டுரையும் ஏறத்தாழ மறக்கப்பட்டது. 1812-இல் அதை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்து உயிர்ப்பித்தவர் ஹால்லேயின் உடற்கூற்றியல் பேராசிரியர் யோஹான் ஃபிரெடரிக் மெக்கல். மருத்துவம் படித்த எவருக்கும் அந்தப் பெயர் தெரியும்: சிறுகுடலின் கடைசிப் பகுதியில் சிலருக்குத் துருத்திக்கொண்டிருக்கும் சிறு பையை ‘மெக்கல் பை’ என்கிறோம். நூற்றுக்கு இரண்டு பேர் அளவில் காணப்படும் அந்தப் பை, கருவுணவுப் பைக்கும் குடலுக்கும் இடையே இருந்த கால்வாய் முழுதாகத் தூர்ந்துபோகாமல் விட்ட மிச்சம் என்று 1809-இல் விளக்கியவர் அவர். ஹாலர் எந்தத் தொடர்ச்சியைச் சான்றாகக் காட்டினாரோ அதே தொடர்ச்சியின் தழும்பு, வோல்ஃபை மொழிபெயர்த்தவரின் பெயரில் இன்று விளங்குகிறது. வோல்ஃபின் வழியில்தான் 1828-இல் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் கருவின் அடுக்குகளைப் பற்றிய தன் பெரும் நூலைத் தொடங்கினார்.

இனி ஏட்டை விட்டுக் குழாய்க்கு வருவோம். ஆறாம் வாரத்தில் நடுக்குடல் நீளும் வேகத்துக்கு வயிற்றில் இடம் போதவில்லை. கல்லீரல் அப்போது அளவுக்கு மீறிப் பெரியது. பத்தாம் வாரத்தில்கூட உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு அதுவே. இடமில்லாத குடல் வயிற்றைவிட்டு வெளியேறித் தொப்புள்கொடிக்குள் போய்த் தங்குகிறது. ஏறக்குறைய நான்கு வாரங்கள் நம் ஒவ்வொருவரின் குடலும் உடலுக்கு வெளியே இருந்திருக்கிறது. தாய்க்கு அது மசக்கை உச்சத்தில் இருக்கும் காலம். அவள் சாப்பிட்டது நிற்காமல் குமட்டும் அதே நாட்களில் குழந்தையின் குடல் கொடிக்குள் வளைந்து நீண்டுகொண்டிருக்கிறது. ஸ்கேனில் அப்போது தொப்புளருகே தெரியும் புடைப்பைக் கண்டு அனுபவமுள்ள மருத்துவர் பதறுவதில்லை. கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணும் கணக்கில் பன்னிரண்டு வாரம் தாண்டியும் அது உள்ளே போகவில்லையென்றால்தான் கவலை. பத்தாம் வாரத்தையொட்டி வயிறு பெருக்கிறது, கல்லீரலின் வேகம் குறைகிறது, குடல் உள்ளே திரும்புகிறது. முதலில் வருவது சிறுகுடலின் மேற்பகுதி. அது இடப்பக்கம் போய் உட்காருகிறது. பின்னால் வருபவை மிஞ்சிய இடத்தில் அமர்கின்றன. குடல்வால் உள்ள பெருங்குடலின் தொடக்கம் கடைசியாக வந்து, முதலில் கல்லீரலின் கீழும் பிறகு வலது அடிவயிற்றிலும் சேர்கிறது. பேருந்தில் முன்னால் ஏறியவர் சன்னலோரம் பிடிப்பதைப் போன்ற ஏற்பாடு இது. பாடநூல்கள் இதைக் குடலின் நடு இரத்தக்குழாயைச் சுற்றி 270 பாகை இடஞ்சுழியாகத் திரும்பும் நாட்டியமாக வரைகின்றன. அண்மைக்காலத்தில் கருக்களை நுட்பமாகப் படமெடுத்துப் பார்த்த சில ஆய்வாளர்கள், குடல் முழுதாகச் சுழல்வதைக் காணவில்லை, அங்கங்கே ஏற்படும் வளர்ச்சி வேறுபாடே சுழன்றதுபோன்ற தோற்றத்தைத் தருகிறது என்கிறார்கள். அந்த 270 பாகை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வரைந்த கோடு என்று கொள்வதற்கே எனக்கு மனம் சாய்கிறது.

சரி, குடலின் மடிப்புகள் எங்கிருந்து வருகின்றன? நீளமான பொருளைச் சிறிய இடத்தில் திணித்தால் மடியும் என்பது முதலில் தோன்றும் விடை. அது உண்மையானால் மடிப்புகள் ஒவ்வோர் உடலிலும் தாறுமாறாக இருக்க வேண்டும். ஆனால் ஒரே இனத்துக் கருக்களில் வளைவுகளின் எண்ணிக்கையும் இடமும் ஏறத்தாழ மாறுவதில்லை. ஹாலரின் கேள்வி புதிய வடிவில் திரும்பி வருகிறது என்றே சொல்லலாம். இதற்கு விடை 2011-இல் ஹார்வர்டில் கிளிஃப் டாபின், எல். மகாதேவன் குழுவினரிடமிருந்து வந்தது. குடலை முதுகுப்புறத்தோடு இணைத்துத் தாங்கும் சவ்வு ஒன்று உண்டு. அவர்கள் கோழிக்கருவின் குடலை அந்தத் தாங்குசவ்விலிருந்து கவனமாகப் பிரித்தெடுத்தார்கள். வளைந்து நெளிந்திருந்த குடல் நேரானது, சவ்வு சுருங்கிக்கொண்டது. குடல் சவ்வைவிட வேகமாக வளர்கிறது, சவ்வு இழுத்துப் பிடிக்கிறது, அந்த இழுபறியில் குடல் வளைகிறது. பாவாடை நாடாவை இறுக்கினால் துணி கொசுவம் கொசுவமாக மடிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ரப்பர்க் குழாயை இழுத்துப் பிடித்த ரப்பர்த் தாளோடு தைத்துவிட்டுத் தாளை விட்டார்கள். கருவில் உள்ளதைப் போலவே குழாய் வளைந்தது. இரண்டின் வளர்ச்சி விகிதம், விறைப்பு, தடிமன் ஆகியவற்றை அளந்தே கோழி, காடை, சிறுகுருவியினமான ஃபின்ச், எலி ஆகியவற்றின் வளைவு அளவைக் கணித்துச் சொல்ல முடிந்தது. ரப்பருக்கு மரபணு இல்லை. வளைவு எங்கே விழ வேண்டும் என்ற செய்தியும் அதில் இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த இன்னொரு ஆய்வு, கோழிக் குடலின் உட்சுவரில் உள்ள விரலிகளும் இப்படித்தான் எழுகின்றன என்று காட்டியது: வெளியே தசை அடுக்குகள் ஒவ்வொன்றாக உருவாகி இறுக்க, உள்ளே வளரும் பூச்சு முதலில் நீள வரப்புகளாகவும், பிறகு கோணல்மாணலான வரப்புகளாகவும், கடைசியில் விரல்களாகவும் புடைக்கிறது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். வளர்ச்சி விகிதத்தையும் விறைப்பையும் நிர்ணயிப்பது மரபணுதானே, பிறகு எல்லாம் அதில் எழுதியிருக்கிறது என்பதில் என்ன பிழை? மரபணுவின் பங்கை நான் மறுக்கவில்லை. எந்தப் புரதம், எந்தத் திசுவில், எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஹாலருக்கு வோல்ஃப் தர முடியாத பதில் அங்கேதான் கிடைக்கிறது. ஆனால் வளரும் வேகம் ஒரு செய்தி, வளைவு இன்னொரு செய்தி. முன்னது மரபணுவின் வழி வருகிறது. பின்னது குடலும் சவ்வும் ஒன்றாகத் தைக்கப்பட்டிருப்பதால் மட்டும் உண்டாகிறது. மாவின் பதத்தைச் சொல்லும் குறிப்பில் முறுக்கு எண்ணெயில் எத்தனை குமிழ் விடும் என்று எழுதியிருப்பதில்லை. ஆனாலும் ஒவ்வொரு ஈடும் ஒரேமாதிரி வேகிறது. ஒழுங்கு இருக்கிறது என்பதாலேயே ஓவியம் இருந்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டுவது, தொடர்ச்சி இருக்கிறது என்பதாலேயே குஞ்சு இருந்திருக்க வேண்டும் என்று ஹாலர் முடிவுகட்டியதற்கு ஒப்பானது. மனிதக் கருவில் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது என்பது உண்மை. பறவைக்கும் பாலூட்டிக்கும் ஒரே கணக்கு பொருந்தும்போது, மனிதக் குடல் மட்டும் வேறு விதிக்கு உட்பட்டது என்று காட்டும் பொறுப்பு மறுப்பவரைச் சேர்ந்தது.

இதைவிடக் கடினமான சான்று குடலின் நரம்புகள். குடற்சுவருக்குள் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்புச் செல்கள் இருக்கின்றன. மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல் உணவை நகர்த்துபவை அவை. அவற்றில் ஒன்றுகூடக் குடலில் பிறந்ததன்று. பெரும்பாலானவை பின்மூளையை ஒட்டிய நரம்பு முகடு என்னும் பகுதியிலிருந்து நான்காம் வாரத்தில் கிளம்பி, முன்குடலில் நுழைந்து, பெருகிக்கொண்டே நடந்து, ஏழாம் வாரத்தில் கடைசி முனையை எட்டுகின்றன. இந்த யாத்திரையைப் பிரான்சின் நிக்கோல் லெ துவாரென் காடைக் கருவின் செல்களைக் கோழிக் கருவில் பதியவைத்துக் கண்டறிந்தார். காடைச் செல்லின் உட்கரு கோழியினதிலிருந்து வேறுபட்டுத் தெரியும் என்பதால், எந்தச் செல் எங்கே போய்ச் சேர்ந்தது என்று அடையாளம் காண முடிந்தது. அவை நடக்க நடக்கக் குடலும் நீண்டுகொண்டே போகிறது. பந்தயத்தில் செல்கள் பின்தங்கினால் கடைசிப் பகுதி நரம்பில்லாமல் நின்றுவிடும். 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு நேரும் ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் அதுதான். டென்மார்க்கின் குழந்தை மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ரங் 1886-இல் இதை விவரித்தபோது எல்லோர் பார்வையும் பூதாகரமாக வீங்கிய பெருங்குடலின் மீதே இருந்தது. நோய் அங்கே இல்லை, அதற்குக் கீழே ஒன்றும் நேராததுபோல் இருக்கும் ஒடுங்கிய பகுதியில்தான் நரம்பு இல்லை என்பதை உணர்ந்து, 1948-இல் ஆர்வார் ஸ்வென்சன் அந்தப் பகுதியை அகற்றும் அறுவையை வெளியிடும்வரை பல குழந்தைகளுக்குத் தீர்வு கிடைக்கவில்லை. இந்த நோயோடு முதன்மையான மரபணு ஒன்றுக்கு உள்ள தொடர்பு 1994-இல் கண்டறியப்பட்டது. வரைபடவாதிகளுக்கு வெற்றி போலத் தெரியும். ஆனால் அதே மரபணு மாற்றத்தைச் சுமக்கும் ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு நோய் வருகிறது, இன்னொருவருக்கு வருவதில்லை. நரம்பில்லாப் பகுதியின் நீளமும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. மரபணு நடையின் வேகத்தைக் குறைத்தது. எந்த இடத்தில் நடை நின்றது என்பதைப் பயணமே தீர்மானித்தது.

முழுதாக ஆன பிறகு அழிவதும் உண்டு. சிறுகுடல் ஓரிடத்தில் அடைபட்டோ அறுந்தோ பிறக்கும் குழந்தைகளைப் பற்றி, குழாய் உருவாகும்போதே நேர்ந்த குறை என்று நெடுங்காலம் கருதினார்கள். கருவின் முன்சிறுகுடல் சிறிது காலம் செல்களால் அடைபட்டு மீண்டும் துளை விடுகிறது என்று 1900-இல் யூலியஸ் டாண்ட்லர் விளக்கியிருந்தார்; அந்த விளக்கத்தைக் குடல் முழுவதற்கும் நீட்டிவிட்டார்கள். 1955-இல் கேப் டவுனில் லோவ், கிறிஸ்டியன் பர்னார்ட் இருவரும் சினை நாயின் வயிற்றிலிருந்த குட்டியின் குடலுக்குப் போகும் இரத்தக்குழாயைக் கட்டிவிட்டுக் கருவறையை மூடினார்கள். குட்டி பிறந்தபோது குடல், மனிதக் குழந்தைகளில் காண்பதைப் போலவே அறுந்திருந்தது. இதயமாற்று அறுவையால் 1967-இல் உலகப் புகழ்பெற்ற பர்னார்டின் இந்த முந்தைய பணியை அதிகம் பேர் நினைப்பதில்லை. அறுந்த இடத்துக்குக் கீழே உள்ள குடலில் பித்தமும், குழந்தை பனிக்குட நீரோடு விழுங்கிய நுண்மயிரும் கிடக்கின்றன. ஒரு காலத்தில் பாதை திறந்திருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. நல்லபடியாக ஆன குடலுக்கு இரத்தம் நின்றுபோனதால் நேர்ந்த விபத்து அது, எழுத்துப் பிழையன்று.

வெறும் உவமைச் சண்டைக்கு இவ்வளவு வாதம் எதற்கு என்று கேட்கலாம். உவமை தீர்ப்பாக மாறும் இடம் ஒன்று இருக்கிறது, அதனால்தான். குறையோடு குழந்தை பிறந்தால் நம் வீடுகளில் முதல் கேள்வி தாயை நோக்கித்தான் போகும். கிரகணத்தன்று வெளியே வந்தாளா, எதைத் தின்றாள், அவள் வம்சத்தில் யாருக்கு இருந்தது. ‘மரபணுவில் எழுதியிருக்கிறது’ என்ற புதிய வாக்கியம் அந்தப் பழைய விசாரணையை நிறுத்தவில்லை. விசாரணைக்கு அறிவியல் மொழியைக் கொடுத்திருக்கிறது. எழுத்து என்று ஒன்று இருந்தால் தப்பாக எழுதிய கை ஒன்றும் இருக்க வேண்டும் அல்லவா? மரபுவழிக் காரணம் உள்ள குறைகள் உண்டு, அவற்றை அறிவதும் அவசியம். ஆனால் இரத்தக்குழாய் ஒன்று முறுக்கிக்கொண்டதற்கும், நீளும் பாதையில் செல்கள் பின்தங்கியதற்கும் எந்தக் கையும் காரணமில்லை.

வளர்ந்த உடலும் தான் வந்த வழியை மறக்கவில்லை. குடல்வால் வலது அடிவயிற்றில் இருந்தாலும் அதன் அழற்சி முதலில் தொப்புளைச் சுற்றித்தான் வலிக்கிறது; நடுக்குடலின் நரம்புகள் தண்டுவடத்தில் தொப்புளோடு ஒரே தளத்தில் போய்ச் சேர்வதே காரணம். இடம் மாறியும் ஊர்ப்பெயர் மாறாத குடும்பம் போல. ஆசனவாயில் ஏட்டின் அடியடுக்கும் வெளித்தோலும் சந்தித்த கோட்டுக்கு மேலே வரும் உள்மூலம் இரத்தம் கசிந்தாலும் பெரும்பாலும் வலிப்பதில்லை. கோட்டுக்குக் கீழே வரும் வெளிமூலம் வலித்துத் தீர்க்கிறது. எட்டாம் வாரத்தில் கிழிந்த ஒரு சவ்வின் எல்லையை அறுபது வயதுக்காரர் தன் வேதனையில் உணர்கிறார்.

பிரசவ வார்டில் குழந்தை பிறந்த மறுநாள் செவிலியர் தாயிடம் தவறாமல் கேட்பது, கரும்பச்சையாக முதல் மலம் போனதா என்பது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு நாளைக்குள் போய்விடும்; இரண்டு நாள் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிடுவார்கள். அந்த மலத்தில் குழந்தை மாதக்கணக்கில் விழுங்கிய பனிக்குட நீரின் மிச்சமும், உதிர்ந்த மயிரும், பித்தமும், குடலே உதிர்த்த செல்களும் கலந்திருக்கின்றன. தாய் துணியை விரித்துக் காட்டுகிறாள். ஏடு மடிந்தது, கால்வாய் தூர்ந்தது, கொடிக்குள் போனது திரும்பி வந்தது, பின்மூளையோரம் கிளம்பிய செல்கள் கடைசி முனையைத் தொட்டன, முனைச் சவ்வு கிழிந்தது. செவிலியர் பார்த்துவிட்டுச் சீட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறார்.